ஒயில் பூசக் கூடாத இரும்பு

சுலோஜனாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், அப்படி ஒன்றும் என் கைவசம் இல்லை என்றுதான் சொல்வேன். அவளுக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில். என் பட்டறை வாசலில் அவள் சைக்கிளைக் கண்டால், வேலை இல்லாவிட்டாலும் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொள்வேன். ஆனால் ஊரில் அவளைப் பற்றித் திரிகிற கதைகள் அவளைவிட மோசம். புருஷனைச் சுத்தியலால் அடித்துத் துரத்தினாள் என்று ஒன்று. மரத்தை இறுக்கிப் பிடிக்க அவள் வைத்திருக்கிற கிளாம்ப்பை யோசித்துக் கண்டுபிடித்தது காத்தான்குடி நௌஷாட், பெயர் எடுத்தது அவள் என்று இன்னொன்று. அந்த நௌஷாட் நான்தான். இரண்டுமே பொய். அவள்மேல் கோபப்பட எனக்கு உண்மையான காரணங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. பொய்க் காரணங்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டில், அதுதான் தச்சுப் பட்டறை. எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேர்வார். அப்படி வந்து சேர்ந்தவன் ரதீஸ். அவன் வருவதற்கு முன்பே இவள் தச்சு வேலை தெரிந்தவள். சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு நிறுவனம் வந்து பெண்களுக்குத் தச்சு வேலை பழக்கியது. சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், ஆளுக்கொரு பெட்டி ஆயுதம் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். மற்றப் பெண்கள் பெட்டியை விற்றார்கள். இவள் விற்கவில்லை. படத்தில் இவள் சிரிக்கவும் இல்லையாம்.

ரதீஸ் கெட்ட தச்சன் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கலியாணம் முடிந்த கையோடு கொட்டில் வாசலில் தன் பெயரில் பலகை மாட்டினான். வளவு அவளுடையது, கொட்டில் அவளுடையது, பலகையில் மட்டும் ரதீஸ். அன்றிலிருந்து அவள் வேலை, பிடித்துக்கொண்டு நிற்பது.

கதவு சேர்க்கிற வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கதவு என்பது பல துண்டு மரம். துளையும் முளையும் வெட்டி, பசை பூசி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தபடி பசை காய விட வேண்டும். பசை யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் பக்கத்துச் சிறு பட்டறைகளில் அதற்குக் கயிறுதான். கதவைச் சுற்றிக் கயிறு போட்டு, நடுவில் ஒரு தடியைக் கொடுத்து முறுக்குவார்கள். முறுக்கிய தடியை ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விட்டால் கயிறு அவிழும், கதவு வாய் பிளக்கும். ரதீஸின் பட்டறையில் அந்த ஆள் சுலோஜனா. வாடிக்கைக்காரர் வந்து நின்றால் அவனுக்குக் குரல் கூடும். "புடி. இறுக்கிப் புடி. உனக்கு எத்தின தரம் சொல்ற?" என்பான். அந்தக் கதவின் முளைகளை வெட்டியது அவள் என்று வந்தவருக்குத் தெரியாது. கதவை நிலையோடு பூட்டுகிற இரும்புப் பிணைச்சலை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவன் குடும்பம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பிறகு ரதீஸ் கட்டாருக்குப் போனான். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு வரவில்லை. திரும்பி நாட்டுக்கு வந்தவன் ஆரையம்பதிக்கு வரவில்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குப் போய் வேறொருத்தியோடு குடியிருந்தான். ஊரார் அவளிடம் போய் விசாரித்தார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாயெல்லாம் ஆவல். அவள் எல்லாரையும் வாசலிலேயே வைத்து ஏசி அனுப்பினாள். அதில் அவள்மேல் நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினாள். அதில் நல்ல பலாப் பலகை இருந்தது, முக்காலி செய்துவிட்டாள். வேலையும் வந்தது. ஆனால் பிடிக்க ஆள் வேண்டுமே. அங்கேதான் வினை. கயிற்றைப் பிடிக்க வந்தவனெல்லாம் பத்து நிமிடத்தில் மேஸ்திரி மாதிரிப் பாஸ் ஆகிவிடுவான். சீவுளியை இப்படிப் பிடி, முளையை அப்படி வெட்டு என்பான், தன் வாழ்நாளில் உட்காருகிற ஒரு வாங்குகூடச் செய்திராதவன். இன்னொருவன் கயிற்றைப் பிடித்துவிட்டுப் போய்ச் சந்தியில் நின்று, "சுலோஜனா என்னைத்தான் கூப்பிட்டவ" என்று ஒரு மாதிரிச் சிரித்திருக்கிறான். அது அவள் காதுக்கு வந்தது. மறுநாள் அவள் என் பட்டறைக்கு வந்தாள். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, எனக்கு ஆள் தேவையில்ல. ஆள்ர வேலையச் செய்யிற சாமான் வேணும்."

"அது கடையில இரிக்கி புள்ள. கிளாம்ப் எண்டு கேட்டாத் தருவாங்க."

பையிலிருந்து ஒரு கிளாம்ப்பை எடுத்து என் மேசையில் போட்டாள். வார்ப்புத் தலை இரண்டாகப் பிளந்திருந்தது. "இது கடையில வாங்கினது. இது ஒரு சாதி. மற்றச் சாதி, ஆணியக் கழட்டி ஓட்டைக்கு ஓட்டை மாத்தி மறுகா திருகுறது. கம்பியப் புடிக்க ஒரு கை, ஆணிக்கு ஒரு கை. மரத்த யாரு புடிக்கிற? எனக்கு மூணாவது கை இல்ல."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கொட்டிலுக்குள் இன்னொருவர் கை படாமல் முழுக் கதவொன்றைச் சேர்க்க வேண்டும். அது முடியாவிட்டால் கொட்டிலைப் பூட்டிவிட்டு, யாரோ ஒரு பாஸுக்குக் கீழே போய் மறுபடியும் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட வாவியில் இறங்கி இறால் தடவுவேன் என்றாள். நான் அவளுக்கு உதவ ஆசைப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். நாலு நாளைக்கு ஒரு தரம் வந்து தொல்லை பண்ணினாள், செய்து கொடுத்தால் போய்த் தொலைவாள் என்று நினைத்தேன்.

நான் கீறிக் காட்டியதெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. திருகாணி வேகமில்லை என்றாள். பற்சக்கரம் போட்டால், "இது என்ன, கப்பலுக்கா?" என்றாள். எனக்கும் வாய் இருக்கிறதுதானே. நானும் சொன்னேன். அவள் போய்விட்டாள். இனி வர மாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

வந்தாள். களுவாஞ்சிக்குடியில் ஒரு ரீச்சருக்கு அவள் அலுமாரி செய்து கொடுத்திருந்தாள். அந்த அலுமாரியின் லாச்சி, அந்த இழுப்பறை, சிக்குகிறது என்று அந்த அம்மா கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். இவள் போய்ப் பார்த்தால், ரீச்சர் லாச்சியை ஒரு மூலையில் பிடித்து இழுக்கிறாராம். நடுவில் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒரு மூலையில் இழுத்தால் சரிந்து, இரண்டு பக்கமும் கடித்து, நின்றுவிடுகிறது. எந்தத் தச்சனையும் கேளுங்கள், அவன் வாழ்க்கையில் இந்தச் சண்டை பல தரம் வந்திருக்கும். இவள் ரீச்சரோடு வாய்த்தர்க்கப்பட்டு, லாச்சிப் பக்கத்தைச் சீவிக் கொடுத்துவிட்டு, அந்தக் கோபம் ஆறாமலே பஸ் ஏறி என் பட்டறையில் வந்து இறங்கினாள்.

"காக்கா, சிக்கிற லாச்சிதான் நமக்கு வேணும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் ஒரு துண்டுத் தட்டைக் கம்பியை எடுத்தாள். குப்பையில் கிடந்த தகட்டுத் துண்டொன்றில் ஏற்கெனவே ஒரு நீள் துளை இருந்தது, அதைக் கம்பியில் கோத்தாள். தகட்டை நேராகப் பிடித்துத் தள்ளினால் ஓடியது. சரித்துவிட்டுத் தள்ளினால் கடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாகக் கடித்தது. தச்சர்கள் காலமெல்லாம் ஏச்சு வாங்குகிற ஒரு பிழையை அவள் கருவியாக ஆக்கச் சொல்கிறாள். உலகத்தில் இதை வேறு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கோ பெரிய கம்பனிகள் இப்படிச் செய்துகொண்டிருக்கலாம். அவளுக்கு அது அந்த லாச்சிச் சண்டையிலிருந்து வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் சண்டை ஒழுங்கான சண்டையாக மாறியது. ஒரு நீளமான தட்டைக் கம்பி. அதன் ஒரு முனையில் அசையாத கொக்கித் தலை. மற்றப் பக்கத்தில் ஓடும் தலை, அதற்குள் சரிந்து நிற்கிற தகடுகள், தகடுகளைச் சரித்து வைத்திருக்க ஒரு சுருள் கம்பி. ஓடும் தலையை ஒரு கையால் தள்ளிக்கொண்டு போய் மரத்தில் முட்டினால் அது முன்னுக்குப் போகும், பின்னுக்கு வராது. பிறகு கைபிடியை ஒரு மடக்கு. இறுகிவிடும். எடுக்க வேண்டுமென்றால் பெருவிரலால் தகட்டை நிமிர்த்தினால் போதும். கேட்க லேசு. சாதா இரும்பில் தகடு வெட்டினேன், இரண்டு நாளில் விளிம்பு மழுங்கி வழுக்கியது. லொறியின் வில்லுப் பட்டையில் வெட்டினேன், கடித்தது. துளை இறுக்கமாக இருந்தால் ஓடாது, தளர்ந்தால் கடிக்காது. அரத்தால் ஒரு இழுப்புக் கூடப்போனதற்கு அவள் என்னை ஏசிய ஏச்சை என் மனைவி நஸீபா வீட்டுக்குள் இருந்து கேட்டுவிட்டு, "உங்களுக்கு இது வேணும்" என்றாள். கம்பியின் அகலப் பக்கத்தைப் படுக்க வைத்துச் செய்தேன், கதவை இறுக்கும்போது வில்லாக வளைந்தது. நிமிர்த்தி வைத்துச் செய்யச் சொன்னாள். அது சரியாக வந்தது. சரியாக வந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாளா என்றால், இல்லை.

கடைசியில் நாலு கிளாம்ப் முடித்தேன். என் வழக்கப்படி துடைத்து, ஒயில் பூசி, பளபளவென்று கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒயில் பூசாமல் எந்த இரும்பும் பட்டறையை விட்டு வெளியே போகாது. வாவிக் காற்றில் உப்பு. ஒரு இரவு வெளியில் கிடந்தால் அரிவாளும் துருவேறிக் கறள் பிடிக்கும். தச்சனாக இருந்தாலென்ன, கொல்லனாக இருந்தாலென்ன, கையில் ஒயில் துணி இல்லாமல் வேலை முடிக்க மாட்டான். அது எங்களுக்குக் கை கழுவுகிற மாதிரி. அவள் அன்று பின்னேரமே நாலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். ஒன்றும் கடிக்கவில்லை. கைபிடியை மடக்கினால் தலை மெதுவாகப் பின்னுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது.

"கடிக்கிற பல்லுக்கு ஒயில் பூசியிருக்கிங்களே காக்கா."

அவள் சொன்னது சரிதான். தகடும் கம்பியும் உரசிப் பிடிப்பதில்தான் அந்தச் சாமானின் உயிர். அதில் ஒயில் பட்டால் உயிர் போயிற்று. பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்தோம், பிடித்தது. அப்படியென்றால் கறள் பிடிக்குமே என்றேன். பிடிக்கட்டும், கறளும் சொரசொரப்புத்தான் என்றாள். பிறகு நான் போகும்போதெல்லாம் அந்த நாலும் கொட்டில் சுவரில் மண்ணிறமாகத் தொங்கும். என் கையால் செய்த சாமானை அந்தக் கோலத்தில் பார்க்கும்போது என் கை ஒயில் துணியைத் தேடும். ஆனால் அவை கடித்தன. அவள் தனியாகக் கதவு சேர்த்தாள். நான் நின்று பார்த்தேன். இடது கையால் மரத்தைப் பிடித்தபடி வலது கையால் தலையைத் தள்ளினாள், கைபிடியை மடக்கினாள், அடுத்ததுக்குப் போனாள். பசையை வாளியிலிருந்து எடுத்து நாலும் இறுக்கி முடிக்கிற வரைக்கும் அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கேட் வேலைக்கு எனக்கும் அதே சாமான் இரண்டு, அவளைக் கேட்காமலே, செய்துகொண்டேன். சதுரக் குழாயை மேசையில் அமுக்கிப் பிடிக்க அதைவிட நல்லது இல்லை. வெல்டிங் பொரி கம்பியில் ஒட்டாமல் ஒரு தகரத்தால் மூட வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுவிட்டு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு நல்ல மாதம்.

அப்போதுதான் ரதீஸ் திரும்பி வந்தான். வவுணதீவுக்காரி அவனை அனுப்பிவிட்டாளோ, இவனே வந்தானோ, எனக்குத் தெரியாது. தனியாக வரவில்லை. சுலோஜனாவின் தாய்மாமன் வினாயகமூர்த்தியை முன்னால் நடக்கவிட்டு, தான் பின்னால் வந்தான். மாமன் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், மறுத்துப் பேசிப் பழக்கப்படாத மனிதர். ஆம்பிளை இல்லாத பட்டறை எத்தனை நாளைக்கு, அவன் செய்தது பிழைதான், மன்னித்துவிடு என்று அவர் பாட்டுக்கு முடித்துவிட்டார். அவள் அப்போது களுவாஞ்சிக்குடியில் கலியாணத்துக்காகக் கட்டிய புது வீடொன்றுக்கு இரட்டைக் கதவு செய்துகொண்டிருந்தாள். முதிரை மரம், பெரிய வேலை, வீடு குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று.

"கதவு முடியட்டும் மாமா. மறுகா சொல்றன்" என்றாள். ரதீஸிடம், "இருக்கிற எண்டா இருங்க. என்ர சாமான்ல கை வைக்காதீங்க" என்றாள்.

ரதீஸ் அன்றே உடம்பிலிருந்த சேட்டைக் கழற்றிக் கொட்டில் ஆணியில் கொழுவினான். என்னைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தான். "என்ன காக்கா, நல்லா உழைச்சிங்க போல நம்மட பட்டறையில." அந்த 'நம்மட' எனக்கு நெஞ்சில் குத்தியது. மாமனிடம் அவன் சொன்னதும் என் காதுக்கு வந்தது: பட்டறை இருக்கிற இருப்பைப் பாருங்கள், ஆயுதமெல்லாம் கறள் பிடித்துத் தொங்குது, பொம்பிளை கையில் விட்டால் இப்படித்தான்.

இரட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கொண்டுபோன காலையில் நான் அங்கே இருந்தேன். ஒரு கதவு முதல் வாரமே முடிந்து சுவரில் சாய்ந்து நின்றது. மற்றதை வாங்கின்மேல் கிடத்தி, எல்லா முளைக்கும் பசை பூசி, செருகி முடித்திருந்தாள். முதல் கிளாம்ப்பை எடுத்தாள். தலையைத் தள்ளினாள். கைபிடியை மடக்கினாள். தலை பின்னுக்கு வழுக்கியது.

மறுபடி தள்ளி மடக்கினாள். மறுபடி வழுக்கியது. அவள் கம்பியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மண்ணிறக் கம்பி கறுப்பாக மினுங்கியது. விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். தையல் மெஷின் ஒயில் மணம் எனக்கே வந்தது.

மூலையில் இருந்த ரதீஸ் எழுந்து வந்தான். முகமெல்லாம் பெருமை. "நான்தான் சுலோ. நேத்து நீ மரம் வாங்க மரக்காலைக்குப் போன நேரம் நாலையும் கழட்டி, கறளெல்லாம் சுரண்டி, தகடு தகடாப் பூசினன். நீ சும்மா போட்டு வைச்சிருக்க."

அவன் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். வாவிக்கரையில் பிறந்த எந்தத் தச்சனும் கறள் பிடித்த இரும்பைக் கண்டால் செய்கிறதைத்தான் செய்தான். இந்தச் சாமான் என்ன, எப்படிப் பிடிக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாலும் ஒரே கதிதான். பசை இழுக்கத் தொடங்கியிருந்தது. கதவை இப்போது பிரித்தால் முளையில் பசை உருண்டு நிற்கும், பிறகு ஒரு நாளும் ஒழுங்காகச் சேராது. முதிரை மரம் இனி எங்கே போய் எடுப்பது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கொட்டில் மூலையில் சுருண்டு கிடந்த கயிற்றை இழுத்துக் கதவின் மேலும் கீழும் இரண்டு சுற்றுப் போட்டாள், இரண்டு தடி செருகினாள்.

"காக்கா, மேல் கயித்தப் புடிங்க."

நான் முறுக்கிப் பிடித்தேன். அவள் கீழ்த் தடியைத் தொட்டுப் பார்த்தாள்; அதை அவளே பிடித்தால் கிளாம்ப்பைத் துடைக்க ஆள் இல்லை. பிறகு ரதீஸைப் பார்க்காமல், "நீங்க கீழ் கயித்தப் புடிங்க" என்றாள். அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவள் என்னோடு அவ்வளவு காலம் சண்டை பிடித்தாள்.

ரதீஸ் முறுக்கினான். நன்றாகத்தான் முறுக்கினான். கதவு மூடிக்கொண்டது. நான் ஒரு முனையில், அவன் மறு முனையில், முகத்துக்கு முகம் பார்த்தபடி நின்றோம். அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியா சுலோ, கடைசியில மனிசன்ர கைதான். அந்த இரும்ப நம்பினா இப்படித்தான் நடுவழியில விடும்." பிறகு என்னிடம், "காக்கா, ஆனா நினைப்பு நல்லம். ஒரு ஐம்பது செய்வம். ரதீஸ் கிளாம்ப் எண்டு பேர் அடிச்சா நல்லாப் போகும்."

தடியை விட்டுவிட்டு அவன் வாயில் ஒன்று போட வேண்டும் போல் இருந்தது. விட்டால் கதவு போய்விடும். அதனால் என் வாயால் முடிந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவன் சிரித்தான். சேட் ஆணியில் தொங்குகிறது, கதவு அவன் கையில் நிற்கிறது, அவனுக்கு என்ன குறை.

சுலோஜனா எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, முதல் கிளாம்ப்பின் ஆணியைத் தட்டிக் கழற்றினாள். தகடுகளை வெளியே எடுத்தாள். தின்னரில் துணியை நனைத்து, ஒவ்வொன்றாக, துளையின் உள் விளிம்பு வரை துடைத்தாள். கம்பியைத் துடைத்தாள். துணி கறுத்தது, வேறு துணி எடுத்தாள். காற்றில் காயவிட்டு மறுபடி கோத்தாள். என் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், தலையைத் தள்ளினாள், கைபிடியை மடக்கினாள். கம்பியில் நகத்தால் ஒரு கோடு கீறிவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை அசையவில்லை.

இரண்டாவதைத் துடைத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். "காக்கா, விடுங்க" என்றாள். விட்டேன். கயிறு தொய்ந்தது, கதவு அசையவில்லை. என் கை விறைத்துப்போயிருந்தது.

மூன்றாவதை நடுவில் போட்டாள். நாலாவதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ரதீஸ் தடியை இன்னும் நெருக்கிப் பிடித்தான். குரல் இறங்கியிருந்தது.

"இது கிடக்கட்டும் சுலோ. நான் புடிச்சிருக்கன்தானே. காயிற மட்டும் நிப்பன். எனக்கென்ன வேல."

அவள் குனிந்தபடியே ஆணியைத் தட்டிக் கழற்றினாள். தகடுகளைத் துடைத்தாள். கோத்தாள். எழுந்து வந்து, அவன் கைக்கு நாலு விரல் தள்ளிக் கிளாம்ப்பை வைத்தாள். தலையைத் தள்ளினாள். மடக்கினாள். இணைப்பிலிருந்து மெல்லிய கோடாகப் பசை பிதுங்கியது, அதைப் பெருவிரலால் வழித்துத் துணியில் துடைத்தாள். ரதீஸின் கயிறு தொய்ந்தது. அவன் தொய்ந்த கயிற்றோடு தடியைப் பிடித்தபடியே நின்றான். எதையோ இறுக்கிக்கொண்டு நிற்பவனைப் போல அவன் தோள் இன்னும் விறைப்பாக இருந்தது.

அவள் அவன் விரல்களிலிருந்து தடியை வாங்கினாள். கயிற்றை அவிழ்த்துச் சுற்றினாள். ஆணியில் தொங்கிய சேட்டை எடுத்து, தூசி தட்டி, அவன் தோளில் போட்டாள்.

"சுலோ, மாமாவுக்குச் சொன்ன நீ. கதவு முடியட்டும் எண்டு."

"ஓம். சேத்து முடிஞ்சிது. இனிக் காயிறதுக்கு ஆள் தேவையில்ல," என்றாள் அவள். "நீங்க போகலாம்."